சங்கிலி பிடித்த கைகளும் வரைபடத் தொழிலும்

நமது கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நம் இளைஞர்கள் எத்தொழிலை நாடிச் செல்ல வேண்டும் என்னும் கேள்வி நம் முன் நிற்கின்றது. ஆசிரியப் பணி, அரசு அலுவல், மருத்துவம், வழக்கறிஞர் தொழில் ஆகியவற்றைக் குறித்து நாம் பலமுறை பேசியும் எழுதியும் வந்துள்ளோம். ஆனால் அண்மைக் காலத்தில் பல்லாயிரவருக்கு வேலை அளித்து வரும் ஒரு துறையைப் பற்றி நம் மலர்களில் இதுவரை ஒரு கட்டுரையேனும் வெளிவந்ததில்லை. அதுவே நில அளவையும் வரைபடமும் கணிப்பொறியோடு இணைந்து உருவான வரைபடத் தொழில்நுட்பத் துறையாகும். இத்துறை நமக்குப் புதிதன்று என்பதும், இதனோடு நம் முன்னோருக்கு இருந்த உறவு மிகப் பழமையானது என்பதும், அவ்வுறவில் உழைப்பு நம்முடையதாகவும் உரிமை பிறருடையதாகவும் இருந்தது என்பதும் வரலாறு கூறும் உண்மைகள். அவ்வரலாற்றை அறிந்த பின்னரே நம் இளைஞர்கள் அவ்வலுவலகங்களின் வாயிலில் கால் வைக்க வேண்டும் என்பது நம் கருத்து.

எல்லையறிந்தவர் யார்?

வரைபடம் வருவதற்கு முன் கிராமத்தின் எல்லை எங்கே எழுதப்பட்டிருந்தது? ஓலையில் கொஞ்சமும், மனிதர் நினைவில் மிகுதியும் எழுதப்பட்டிருந்தது. அந்நினைவைக் காத்து வந்தோர் பெரும்பாலும் வெட்டியான் என்றும் தலையாரி என்றும் அழைக்கப்பட்ட நம் முன்னோரே. இரு கிராமங்களுக்கிடையே எல்லைத் தகராறு எழுந்தால், பறையர் ஒருவர் தலையில் நீர்க்குடம் சுமந்து நடந்து செல்ல, அவர் நடந்த வழியையே எல்லையாக இருதரப்பாரும் ஒப்புக்கொண்ட வழக்கத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில எழுத்தாளர்கள் பதிவு செய்துள்ளனர். 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய தொகுப்பிலும் இச்செய்தி இடம்பெற்றது.

இதில் உள்ள முரணை இளைஞர்கள் சிந்திக்க வேண்டும். நிலத்தின் எல்லையைச் சொல்லத் தகுதியுடையவர் என்று ஊரே ஒப்புக்கொண்ட மனிதருக்கு, அந்த எல்லைக்குள் ஒரு குழி நிலமும் சொந்தமாக இல்லை. அவர் அறிவு வேண்டப்பட்டது. அவர் உரிமை வேண்டப்படவில்லை. பின்னர் வந்த வரைபட வரலாறு முழுவதிலும் இந்த முரண் வெவ்வேறு உருவங்களில் தொடர்வதை நாம் காண்கிறோம்.

சென்னையில் தொடங்கிய அளவை

இந்திய நில அளவைத் துறை தன் தோற்றத்தை 1767ஆம் ஆண்டாகக் கணக்கிடுகிறது. வங்காளத்தின் தலைமை நில அளவையாளராக ஜேம்ஸ் ரென்னல் அமர்த்தப்பட்ட ஆண்டு அது. எனினும், நில அளவையைப் பள்ளி வைத்துக் கற்பிக்கும் முயற்சி 1794இல் சென்னையில் தொடங்கியது. மைக்கேல் டாப்பிங் என்பவரின் முயற்சியால் எழுந்த அந்த நில அளவைப் பள்ளியில் ஆதரவற்றோர் இல்லத்தைச் சேர்ந்த ஐரோப்பிய வழிச் சிறுவர்கள் முதல் மாணவர்களாயினர். அப்பள்ளியே காலப்போக்கில் வளர்ந்து கிண்டிப் பொறியியல் கல்லூரியாக உருவெடுத்தது. ஆதரவற்ற சிறுவர்களும் கற்றால் அளவையாளர் ஆகலாம் என்பதை அன்றே மெய்ப்பித்த பள்ளி அது. ஆயினும் அதன் கதவு நமக்குத் திறக்க நெடுங்காலம் ஆயிற்று.

1802 ஏப்ரல் திங்களில் வில்லியம் லாம்டன் பரங்கிமலையை அடுத்த சமவெளியில் ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை ஏறத்தாழ நானூறு முறை நீட்டி மடக்கி அளந்த அளவு அது. அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வளர்ந்து இமயம் வரை சென்றதே பெரும் முக்கோண அளவை. கோணங்களை அளக்க லாம்டன் கொணர்ந்த தியோடலைட் கருவி அரை டன் எடையுள்ளது. 1808இல் அதனைத் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதிச் சேதமடைந்தது.

லாம்டன் பெயரும் அவருக்குப் பின் வந்த எவரெஸ்டு பெயரும் நூல்களில் உள்ளன. அரை டன் கருவியைக் காட்டிலும் மேட்டிலும் சுமந்தவர் பெயர் எதில் உள்ளது? கொடி பிடித்தவர், சங்கிலி இழுத்தவர், புதர் வெட்டியவர், காட்டுக் காய்ச்சலில் மாண்டவர் ஆகியோரின் பெயர்களை வரலாறு போற்றி வைக்கவில்லை. கூலிக்கு உழைத்த எளிய மக்கள் என்பதற்கு மேல் அவர்களைப் பற்றி நூல்கள் பேசுவதில்லை.

ஒரு கணக்கரின் துணிவு

இவ்வரலாற்றில் நாம் மறவாது போற்ற வேண்டிய பெயர் ராதாநாத் சிக்தார். வங்காளத்தைச் சேர்ந்த இவர் 1831இல் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் முக்கோண அளவைத் துறையில் கணக்கராகச் சேர்ந்தார். 1852இல் இமயத்தின் பதினைந்தாம் சிகரமே உலகில் மிக உயரமானது என்பதைக் கணக்கிட்டறிந்த பெருமை இவருக்கு உரியது. சிகரத்திற்குச் சூட்டப்பட்டதோ எவரெஸ்டின் பெயர்.

சிக்தார் நம் சமுதாயத்தவர் அல்லர். ஆயினும் 1843இல் அவர் செய்த செயல் நமக்கு நெருக்கமானது. டேராடூனில் நீதிபதியாக இருந்த வான்சிட்டார்ட் என்னும் ஆங்கிலேயர், அளவைத் துறைக் கூலியாட்களைத் தம் மூட்டைகளைச் சுமக்கக் கூலியின்றி வற்புறுத்தினார். சிக்தார் அதை எதிர்த்து நின்றார். அதற்காக 200 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டார். மேசையில் அமர்ந்து கணக்குப் போடுகிறவருக்கு மூட்டை சுமப்பவரைப் பற்றி என்ன கவலை என்று அவர் ஒதுங்கவில்லை. மேல்நிலைக்குச் செல்லும் நம் இளைஞர் ஒவ்வொருவரும் நெஞ்சில் இருத்த வேண்டிய நிகழ்ச்சி இது.

அவருக்கு நேர்ந்த மற்றோர் அநீதியும் உண்டு. 1851இல் வெளிவந்த இந்திய நில அளவைக் கையேட்டின் முன்னுரை, அதன் முக்கியப் பகுதிகளில் சிக்தாரின் பங்கை நன்றியோடு குறிப்பிட்டது. அவர் 1870இல் மறைந்தார். 1875இல் வந்த மூன்றாம் பதிப்பில் அம்முன்னுரையே இல்லை. அவர் எழுத்து இருந்தது, பெயர் போயிற்று. அக்கால இதழொன்று இதனைக் கடுமையாகக் கண்டித்தது. செய்த வேலைக்குத் தம் பெயர் நிற்கும்படி பார்த்துக்கொள்வதும் தொழிலின் ஒரு பகுதியே என்பதை இதனால் அறிகிறோம்.

காகிதத்தில் ஏறிய சேரி

1858க்குப் பின் சென்னை மாகாணத்தில் வயல்வாரியாக நில அளவை தொடங்கியது. அதன் விளைவாகவே சர்வே எண், புலப்படம், கிராம வரைபடம், 'அ' பதிவேடு ஆகியன தோன்றின. இன்றும் நம் வீட்டுப் பெரியவர்கள் வாயில் வழங்கும் 'சென்ட்' என்னும் சொல் அவ்வளவைச் சங்கிலியிலிருந்து பிறந்ததே. 66 அடி நீளமுள்ள குண்டர் சங்கிலியில் நூறு கண்ணிகள் உண்டு. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். அதில் நூற்றில் ஒரு பங்கு ஒரு சென்ட். இந்தச் சங்கிலியை வயலில் இழுத்த செயின்மேன்களில் நம்மவர் பலர் இருந்தனர். அளந்ததைப் புத்தகத்தில் எழுதியவரும், எழுதியதைக் கச்சேரியில் படித்தவரும், படித்ததைத் தமக்கேற்பத் திருத்திக் கொண்டவரும் வேறு.

அவ்வரைபடங்களில் ஊர் நத்தம் என்றும் சேரி நத்தம் என்றும் இரு குடியிருப்புகள் தனித்தனியே குறிக்கப்பட்டன. தீண்டாமை காகிதத்தின் மீதும் ஏறியது. எனினும், காகிதத்தில் ஏறியது ஒரு வகையில் நமக்குச் சான்றாகவும் அமைந்தது. 1891இல் செங்கற்பட்டு மாவட்டக் கலெக்டர் திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலையைக் குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். குடியிருக்கும் மனையும் பிறருடையதாக இருந்தமையால், நிலம் கேட்டால் குடிசையை விட்டே துரத்தப்படும் அச்சம் மக்களை வாட்டியதை அவர் எடுத்துரைத்தார். அதன் பயனாக 1892 செப்டம்பரில் பிறந்த அரசாணைகளின்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையுடன் நிலங்கள் வழங்கப்பட்டன. முதல் பத்து ஆண்டுகள் யாருக்கும் கைமாற்றக் கூடாது. அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே மாற்றலாம் என்பன அந்நிபந்தனைகள். பஞ்சமி நிலம் என்றும், பதிவேடுகளில் டி.சி. நிலம் என்றும் வழங்குவது இதுவே. மாகாணம் முழுவதும் இவ்வாறு வழங்கப்பட்டது ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்பது பஞ்சமி நில மீட்பு இயக்கத்தார் கூறும் கணக்கு.

அந்நிலங்கள் எங்கே போயின? பெரும்பகுதி பிறர் கைக்குச் சென்றது. 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது பட்டாக்கள் பல பிறர் பெயருக்கு மாறின என்னும் குறையை இயக்கத்தார் இன்றளவும் எழுப்புகின்றனர். 1994 அக்டோபரில் காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரிச் செங்கற்பட்டில் நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமசும் ஏழுமலையும் பலியாயினர். உயிர் கொடுத்துக் கேட்கப்பட்ட கேள்வி ஒரு பதிவேட்டில், ஒரு புலப்படத்தில், ஒரு சர்வே எண்ணில் அடங்கியிருந்தது. பழைய 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் படிக்கத் தெரிந்த நூறு இளைஞர் அன்று மாவட்டந்தோறும் நம்மிடம் இருந்திருந்தால் எத்தனை வழக்குகள் வேறுவிதமாக முடிந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

காகிதத்திலிருந்து கணிப்பொறிக்கு

இனி இன்றைய துறைக்கு வருவோம். 1972இல் அமெரிக்கா லாண்ட்சாட் என்னும் செயற்கைக்கோளை ஏவிப் பூமியைப் படம் பிடிக்கத் தொடங்கியது. 1988 மார்ச்சில் ஐ.ஆர்.எஸ். 1ஏ என்னும் தன் தொலையுணர்வுச் செயற்கைக்கோளை இந்தியா விண்ணில் செலுத்திற்று. 1969இல் அமெரிக்காவின் ரெட்லாண்ட்ஸ் நகரில் டேஞ்சர்மண்ட் தம்பதியர் தொடங்கிய எஸ்ரி நிறுவனம், வரைபடத்தையும் புள்ளிவிவரத்தையும் இணைக்கும் ஜி.ஐ.எஸ். மென்பொருளை உலகெங்கும் பரப்பியது. நம் நாட்டில் 1991இல் ஐதராபாத்தில் இன்ஃபோடெக் எண்டர்பிரைசஸ் என்னும் நிறுவனமும், 1995இல் மேப்மைஇந்தியா என்னும் பெயரால் அறியப்படும் நிறுவனமும் தோன்றின. 2005இல் கூகுள் மேப்ஸ் வந்தது. 2021 பிப்ரவரியில் இந்திய அரசு வரைபடத் தகவல்களைத் திரட்டவும் வெளியிடவும் இருந்த முன்அனுமதிக் கட்டுப்பாடுகளை இந்திய நிறுவனங்களுக்குப் பெரிதும் தளர்த்தியது. 2022 டிசம்பரில் தேசியப் புவியிடக் கொள்கை வெளிவந்தது. ஒரு காலத்தில் படைத்துறையின் பூட்டுக்குள் இருந்த வரைபடம் இன்று கடைத்தெருவுக்கு வந்துவிட்டது.

இந்நிறுவனங்களில் வேலை எவ்வாறு நடைபெறுகிறது? புதிதாகச் சேருபவருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் வரைந்தெடுக்கும் பணி. செயற்கைக்கோள் படத்தின் மீதோ பழைய காகித வரைபடத்தின் மீதோ சாலை, கட்டடம், மின்கம்பம், நீர்க்குழாய் என ஒவ்வொன்றையும் தனித்தனி அடுக்காகத் திரையில் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் உரிய விவரங்களை எழுத வேண்டும். நாளொன்றுக்கு இத்தனை என்று அளவுண்டு. இரண்டு மனைகளுக்கு இடையே இடைவெளி விழுந்தாலோ, ஒன்றன் மீது ஒன்று ஏறினாலோ, கோடு முட்டாமல் நின்றாலோ பிழையாகக் கொள்ளப்படும். வெளிநாட்டு வேலையாயின் இரவு முறையும் உண்டு. இதற்கு மேல் தரம் பார்ப்பவர், பகுப்பாய்வாளர், குழுத் தலைவர், திட்ட மேலாளர் எனப் படிகள் அமைந்துள்ளன. வெளிக்களத்தில் டோட்டல் ஸ்டேஷன், ஜி.பி.எஸ்., டிரோன் கொண்டு அளப்போரும், மென்பொருள் எழுதுவோரும் தனிப் பிரிவினர்.

ஆபத்து முதற்படியிலேயே தங்கிவிடுவதில்தான் உள்ளது. திரையில் கோடு வரைவது இக்காலத்துச் சங்கிலி பிடித்தலே என்று நாம் கருதுகிறோம். அந்த வேலையைக் கணிப்பொறியே செய்யக் கற்று வருவதால் அது குறைந்தும் வருகிறது. எனவே சேர்ந்த நாள் முதலே அடுத்த படிக்கு வேண்டியதைக் கற்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். பழைய இந்திய வரைபடங்கள் 1830இல் எவரெஸ்டு வகுத்த புவி வடிவக் கணக்கைக் கொண்டவை. ஜி.பி.எஸ். கருவியோ டபிள்யூ.ஜி.எஸ். 84 என்னும் வேறு கணக்கைக் கொண்டது. இரண்டையும் மாற்றிக் கணக்கிடாமல் ஒன்றன் மீது ஒன்று வைத்தால் ஒருவர் வயல் மற்றொருவர் வயலில் போய் விழும். இந்த வேறுபாட்டின் காரணம் அறிந்தவர் வரைபவராக நில்லாமல் வழிகாட்டுபவராக உயர்வார். அடிப்படைக் கணிதம், புவியளவியல், தரவுத்தள மொழி, பைத்தான் போன்ற நிரல்மொழி, தெளிவாக அறிக்கை எழுதும் திறன் ஆகியவையே ஏணிப் படிகள்.

ஒருவர் ஏறிய படிகள்

நம் சங்கத்தின் மாலை வகுப்பில் பயின்று டிப்ளமோ முடித்த இளைஞர் ஒருவர் வரைபட நிறுவனமொன்றில் வரைந்தெடுக்கும் பணியில் சேர்ந்தார். மூன்று ஆண்டுகள் அவர் பிழை விகிதம் குழுவிலேயே மிகக் குறைவாக இருந்தது. ஆயினும் பதவி உயர்வு அவருக்குப் பின் வந்தவருக்குச் சென்றது. அவரிடம் கேட்கப்பட்டதோ எந்த ஊர், எந்தத் தெரு என்னும் கேள்விகள். தனியார் நிறுவனத்தில் இட ஒதுக்கீடு இல்லை; முறையிடும் இடமும் தெளிவாக இல்லை. அவர் மனமுடையவில்லை. இரவு அறையில் அமர்ந்து க்யூ.ஜி.ஐ.எஸ். என்னும் விலையில்லா மென்பொருளிலும் தரவுத்தள மொழியிலும் தேர்ச்சி பெற்றார். தம் வேலையின் அளவையும் தரத்தையும் தேதியிட்டுக் குறித்து வைத்தார். அந்தக் குறிப்புகளையே சான்றாகக் காட்டி வேறொரு நிறுவனத்தில் தரம் பார்ப்பவராகச் சேர்ந்து, பின்னர் குழுத் தலைவரானார்.

ஒரு நாள் திரையில் தம் சொந்த ஊர் வந்தது. ஊர்த் தெருக்கள் அனைத்திற்கும் பெயர் இருந்தது. தார்ச்சாலைக்கு அப்பால் அவர் பிறந்த குடியிருப்பு பெயரின்றி வெறும் கூரைகளாக நின்றது. அவர் தாமே ஒரு பெயரை எழுதிவிடவில்லை. குடியிருப்பு மக்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரைப் பெயர்ப் பலகை, அஞ்சல் முகவரி ஆகிய சான்றுகளுடன் முறைப்படி மேலிடத்திற்கு அனுப்பினார். சரிபார்த்த பின் பெயர் ஏறியது. அந்த ஒரு பெயரால் ஆம்புலன்ஸ் அந்தத் தெருவை விசாரிக்காமல் வந்து சேர்ந்ததாக அவர் நம்மிடம் கூறியபோது, இக்கட்டுரையை எழுத வேண்டும் என்னும் எண்ணம் நமக்கு உண்டாயிற்று. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு முதலமைச்சர், அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்னும் சொல் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். நீக்கிய இடத்தில் என்ன பெயர் எழுதப்படும் என்பதை முடிவு செய்யும் மேசைகளில் நம்மவரும் இருக்க வேண்டுமன்றோ?

கடல் கடந்த இரு சான்றுகள்

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1930இல் எளிய கறுப்பின உழவர் குடும்பத்தில் பிறந்தவர் கிளாடிஸ் வெஸ்ட் அம்மையார். உதவித்தொகை பெற்றுக் கல்லூரியில் கணிதம் பயின்று, 1956இல் டால்கிரனில் இருந்த கடற்படை ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே பணியேற்ற கறுப்பினப் பெண்களில் இவர் இரண்டாமவர். செயற்கைக்கோள் அளவுகளைக் கொண்டு பூமியின் உண்மை வடிவத்தைக் கணிப்பொறியில் வகுத்த இவரது உழைப்பு, பின்னாளில் ஜி.பி.எஸ். முறைக்கு அடிப்படைகளுள் ஒன்றாயிற்று. 42 ஆண்டுகள் பணியாற்றி 1998இல் ஓய்வு பெற்றார். உலகம் அவரை அறிந்து போற்றியது 2018இல்தான்.

மற்றொன்று ஓஹையோ மாநிலத்துச் சானஸ்வில் நகரைப் பற்றியது. அங்கே கோல் ரன் என்னும் கறுப்பின மக்கள் குடியிருப்புக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் குழாய் நீர் மறுக்கப்பட்டு வந்தது. மக்கள் வழக்குத் தொடுத்தபோது, எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார், நீர்க்குழாய் எந்த வீட்டோடு நிற்கிறது என்பதை ஜி.ஐ.எஸ். வரைபடமாக வரைந்து நீதிமன்றத்தில் வைத்தனர். 2008 ஜூலையில் நடுவர் குழு ஏறத்தாழ 1 கோடியே 9 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. ஐம்பது ஆண்டுக் கண்ணீரை ஒரு வரைபடம் கண்முன் நிறுத்திற்று. குடிநீர்த் தொட்டி எங்கே உள்ளது, சுடுகாட்டுப் பாதை எங்கே மறிக்கப்பட்டது என்பதை இவ்வாறு வரைந்து காட்டும் ஆற்றல் நம் பிள்ளைகளுக்கு வந்தால் நம் முறையீடுகளின் வலிமை பன்மடங்காகும்.

இளைஞர்களுக்கு

இத்துறைக்கு வழிகள் பல உண்டு. ஐ.டி.ஐ.யில் சர்வேயர், வரைவாளர் பிரிவுகள் உள்ளன. பாலிடெக்னிக்கில் சிவில் படிப்பு உண்டு. 1794இல் தோன்றிய அதே கிண்டிக் கல்லூரியில் இன்று புவித் தகவலியல் பட்டப் படிப்பே உள்ளது. டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையவழிப் பாடங்களை நடத்துகிறது. நில அளவைத் துறையில் அரசுப் பணிகளுக்குத் தேர்வாணையத்தின் வாயில் உண்டு. அங்கே இட ஒதுக்கீடும் உண்டு. தனியார் நிறுவனத்தை நாடுவோர் திறமையையும் சான்றுகளையும் துணையாகக் கொள்ள வேண்டும். முன்னே சென்றவர் பின்னே வருபவருக்குக் கை கொடுக்க வேண்டும். இதற்கென நம் சங்கத்தில் ஒரு வழிகாட்டும் குழு அமைய வேண்டும் என்றும், நம் வாசகசாலையில் இரண்டு கணிப்பொறிகளேனும் இப்பயிற்சிக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்றும் வெள்ளி விழாவின்போது உறுப்பினர்கள் முன் வேண்டுகோளாக வைக்கிறோம்.

நீர்க்குடம் சுமந்து எல்லை நடந்தவரின் பேரன் சங்கிலி இழுத்தான். சங்கிலி இழுத்தவனின் பேரன் இன்று திரையின் முன் அமர்கிறான். அவன் மகள் வரைபடத்தின் கீழ்க் கையொப்பமிடும் அதிகாரியாக வேண்டும். அவள் கையொப்பமிடும் வரைபடத்தில் எந்தக் குடியிருப்பும் பெயரின்றி நிற்காது என்னும் நம்பிக்கையோடு இக்கட்டுரையை நிறைவு செய்கிறோம்.

வளர்க நம் கல்விச் சங்கம்! ஓங்குக நம் இளைஞர் முயற்சி!